தெளியாத தொட்டி

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டுத்தான் டீ கிளாசை எடுத்தேன். அருள்புரம் பேக்கரியில் டீ மாஸ்டராக இருக்கும் சண்முகவேல் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"கன்னையண்ணா, போன வாரமும் இப்படித்தான் ஆரம்பிச்சீங்க. நொய்யல்ல முதலை பார்த்தேன்னு முடிச்சீங்க."

"முதலை மாதிரி ஒண்ணுன்னு சொன்னேன் கண்ணு. அந்த மாதிரியை நீ முழுங்கிட்டே."

சரி, ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் இழுப்பேன். என் பேச்சும் பனியன் துணியும் ஒன்று. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் துணி அதே துணிதான். அதுவும் இன்றைக்கு மூலை பெஞ்சில் தங்கராஜ் உட்கார்ந்திருக்கிறான். கதையில் முக்கால்வாசி அவன் இடுப்புக்குக் கீழே நடந்தது. அவனை வைத்துக்கொண்டு நான் எவ்வளவுதான் இழுக்க முடியும்?

"காசியண்ணன் கதையா?" என்று கேட்டாள் வினிதா. எதிர்க் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண். பன் வாங்க வந்தவள், வாங்காமல் நின்றுவிட்டாள். தங்கராஜ் தலையை நிமிர்த்தவில்லை.

காசிமாயனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். இந்தக் கடைக்கு வந்தால் டீயில் சர்க்கரையைக் கலக்கச் சொல்வான், கலக்கியதும் குடித்துவிடுவான், ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டான். அவனும் அவன் அண்ணன் மொக்கச்சாமியும் ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்து இறங்கியவர்கள். முதலில் இரண்டு பேருக்கும் சாயப்பட்டறை வேலை. கை முழங்கை வரைக்கும் நீலமாக இருக்கும். மொக்கச்சாமி தாலி கட்டின போது மஞ்சள் கயிறு பச்சையாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சைதானே?

"இழுக்கறீங்க" என்றான் சண்முகவேல்.

"அது நீளம். விடு, சுருங்கிக்கும்."

அப்புறம் இரண்டு பேரும் சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஆலைக்கு வந்தார்கள். முதலாளி ஆறுச்சாமி. நானும் அங்கேதான் லோடுமேன். சாயத் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டு அழுக்கைப் பிரித்தால் ஒரு கூழ் மிஞ்சும். அதைப் பிழிகிற மெஷினுக்கு அனுப்பும்வரை ஒரு தொட்டியில் வைத்திருப்பார்கள். ஆழம் என்றால் பல்லடம் பஸ் ஸ்டாண்டைத் தலைகீழாக இறக்கலாம். சரி, இரண்டு ஆள் ஆழம். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை மொக்கச்சாமிக்கு.

சாதாரணச் சேறு என்றால் விட்டு வைத்தால் அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். இந்தக் கூழ் படியாது. மாவை விட நைசான பொடி, தண்ணீரை விடவும் மாட்டேன் என்கிறது, அடிக்குப் போகவும் மாட்டேன் என்கிறது. காசிமாயன் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் கொஞ்சம் பிடித்து ஜன்னலில் வைத்திருந்தான். மாதக்கணக்கில் அப்படியே இருந்தது, மேலே ஒரு சொட்டு தெளியவில்லை. அதில் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டான். பொத்தான் பாதிவரை போய்க் கண்ணாடியோரமாக நின்றது. விழவும் இல்லை, மிதக்கவும் இல்லை. நாலு ஓட்டைக் கண்ணால் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டிலை ஆட்டினால் கூழ் மோராக இளகும், பொத்தான் கொஞ்சம் இறங்கும். கையை எடுத்தால் மறுபடி தயிராக இறுகும், பொத்தான் நின்றுவிடும்.

அதனால்தான் தொட்டி நடுவில் ஒரு துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அஜிடேட்டர் என்பார்கள். மேலே பாலத்தில் மோட்டார், கீழே கம்பி, கம்பி முனையில் துடுப்பு. நிறுத்தினால் தொட்டி முழுக்கத் தயிர். அது ஓடும்போதும் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளே துடுப்பைச் சுற்றிப் பேயாட்டம் நடக்கும். ஓரத்திலும் மேலேயும் ஒரு சுருக்கம்கூட விழாது. தூங்குகிறவன் முகம் மாதிரி இருக்கும், கனவு மட்டும் உள்ளே.

ஒரு வருடம் ஆயுத பூஜை. மெஷின் எல்லாவற்றுக்கும் ஓய்வு என்று துடுப்பையும் நிறுத்தினார்கள். ஆலையைக் கழுவிவிட்டிருந்ததால், எல்லோரும் செருப்பைப் பாலத்து ஏணிக்கடியில் கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்த்தோம். மொக்கச்சாமி பாலத்தைத் துடைக்கப் போனான். பூஜை முடிந்து பொரி வாங்கிக்கொண்டு ஆளாளுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஏணிக்கடியில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம். மொக்கச்சாமியுடையது.

"வேற யாரு செருப்பையோ மாத்திப் போட்டுட்டுப் போயிருப்பான்" என்றார் ஆறுச்சாமி. அப்படிப் பார்த்தால் வேறு எவனாவது வெறுங்காலோடு போயிருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை. மூங்கில் கழியை விட்டுத் துழாவிப் பார்த்தார்கள். கழி தானாக நேரே நின்றது, ஒன்றும் தட்டவில்லை. கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது. துடுப்பை மறுபடி ஓட விட்டார்கள்.

ஓடிப்போனவன் பெண்டாட்டி சின்னத்தாய். மண்ணரையில் ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். குங்குமத்தை எடுக்கவா, வேண்டாமா? அதைச் சொல்லக்கூடிய இடம் அந்தத் தொட்டி ஒன்றுதான். அது வாயைத் திறக்கிற சாதி இல்லை.

காசிமாயன் அந்தத் தொட்டி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் துடுப்பு நிற்கவே இல்லை. கரண்டு போனால் ஜெனரேட்டரை உதைத்து எழுப்பிவிடுவான். ஒரு நாள் கேட்டேன், "ஏப்பா காசி, ஒரு மணி நேரம் நின்னா என்னாயிரும்?"

"ஓடிட்டிருந்தா அண்ணன் புரண்டு படுக்கலாம்ல. நிப்பாட்டுனா அந்தக் கைகாலு அப்படியே இறுகிப்போகும்ணே" என்றான். சோற்றுக்கு உப்பு கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான்.

தினமும் மத்தியானம் தொட்டிச் சுவரில் அண்ணனுக்கென்று ஒரு பீடியைப் பற்றவைத்து வைப்பான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை தொட்டிப் பக்கம்தான் போகும். இதை நான் இழுக்கவில்லை. என் பீடியையும் வைத்துப் பார்த்தேன். என் புகை என் மூக்குக்கு வந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆலையில் பிழிகிற மெஷின் உடைந்தது. ஜோசியர் காரணம் கண்டுபிடித்தார். எல்லா மெஷினுக்கும் ஓய்வு கொடுத்துப் பூஜை போடுகிறீர்கள், ஒன்றுக்கு மட்டும் கொடுப்பதில்லை, அதன் வயிற்றெரிச்சல் என்றார். ஆறுச்சாமி அந்த ஆயுத பூஜைக்குத் துடுப்பை நிறுத்தச் சொன்னார்.

"வேணாம் முதலாளி. சந்தனம் வேணா ஓடுற மோட்டாருக்கே வச்சிருவோம்" என்று காசிமாயன் கையைப் பிசைந்தான்.

"ஓடற மெஷினுக்குப் பூஜை போடறது, சோறு திங்கறவனுக்குப் பல்லு விளக்கி விடற மாதிரி. நிறுத்துப்பா."

நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் ஆலையில் அப்படி ஒரு சத்தம் இத்தனை வருடமாக இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. காசிமாயன் பாலத்து ஏணிக்கடியில் போய்க் குந்திக்கொண்டான். வெயில் ஏற ஏறத் தொட்டியின் மேல்பக்கம் காய்ந்து, சாணி மெழுகின வாசலாகிவிட்டது. கோலம் போடலாம்.

தங்கராஜ் அப்போதுதான் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தான். ஐப்பசியில் கல்யாணம். துடுப்புக் கம்பிக்கு மாலை கட்டுகிறேன் என்று பாலத்திலிருந்து குனிந்தான். மாலை நழுவிக் கீழே விழுந்தது. வாசலில் விழுந்த மாதிரியே கிடந்தது, ஒரு பூ நனையவில்லை. சாமி மாலை கீழே கிடக்கலாமா? உள் ஏணியில் இறங்கி ஒரு காலை வைத்துப் பார்த்தான். தாங்கியது. இரண்டாவது காலை வைத்தான். அதுவும் தாங்கியது. மாலைக்குப் பக்கத்தில் போனதும் தரை மோராகிவிட்டது.

இடுப்புவரை போனான். பதறிக் காலை உதறினான், நெஞ்சுவரை போனான்.

"அசையாதே" என்று காசிமாயன் சொன்னான். கத்தவில்லை. "தங்கராசு, நீ இப்ப அந்தப் பாட்டில்ல கிடக்கிற பொத்தான். ஆடுனா இறங்குவே, சும்மா இருந்தா அதுவே உன்னையப் புடிச்சுக்கும். மூச்சை மட்டும் விடு."

தங்கராஜ் நின்றான். சேறு அவனைச் சுற்றி இறுகியது. அவன் மார்புக்கு மேலே மட்டும் தரையில் முளைத்தவன் மாதிரி இருந்தான்.

அப்போதுதான் காசிமாயனுக்கு ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்தான். "அண்ணே, ஆபீஸ் ரூம்புல பூஜை முடியப்போகுது. பூசணிக்காயை உடைச்சதும் மெஷினுக்கெல்லாம் மெயின் சுவிச்சைப் போட்டுருவாக."

துடுப்பு சுற்றினால் தங்கராஜ் கூழோடு கூழ். நான் ஓடினேன். ஸ்பீக்கரில் சாமி பாட்டு அலறுகிறது, நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. ஆறுச்சாமி பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பூசணிக்காயைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். காய் உடையாமல் எந்த முதலாளியும் சுவிட்சைத் தொடமாட்டான் அல்லவா? அவர் என் காதைத் திருகினார், ஐயர் மணியால் மண்டையில் தட்டினார், நான் காயை விடவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் வாயில் வார்த்தை வந்தது.

"காயை மடியில வெச்சீங்களா? இது முதலை" என்றான் சண்முகவேல்.

"அது வாஸ்தவம்" என்று மூலையிலிருந்து தங்கராஜ் சொன்னான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. "ஆறுச்சாமி ஐயா இன்னும் அதைச் சொல்லித் திட்டுவாருங்க."

எல்லோரும் தொட்டிக்கு ஓடி வந்தோம். கயிறு தேடினோம். அவசரத்தில் ஒருத்தன் நீளமான பனியன் துணியை முறுக்கிக் கொண்டு வந்தான். தங்கராஜ் அக்குளில் சுற்றி இழுத்தோம். லைக்ரா துணி, ரப்பராக நீளும். நாங்கள் கேட் வரைக்கும் போய்விட்டோம், தங்கராஜ் அதே இடத்தில் இருந்தான்.

வினிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் சிரிப்பு நின்றுவிடும்.

தங்கராஜ் முகம் வெளுத்துப்போய், "காசியண்ணா" என்றான். "காலுக்கடியில யாரோ நிக்கறாங்க."

மற்றவர்கள் துணியை விட்டுவிட்டார்கள்.

"சேறு என்னைப் புடிக்கலீங்கண்ணா. நான் ஒண்ணு மேல நிக்கறேன். இந்தக் காலுக்கு ஒண்ணு, அந்தக் காலுக்கு ஒண்ணு."

காசிமாயன் சுவரில் முழங்காலிட்டான். "கல்லு மாதிரியா இருக்கு?"

"இல்லீங்க. தோள் மாதிரி இருக்குது."

காசிமாயன் அந்தச் சேற்றைப் பார்த்துக் குனிந்தான். பிறகு, மேலே நிற்கிறவனிடம் இல்லை, கீழே இருக்கிறவனிடம் சொன்னான். "அண்ணே, பய கல்யாணம் கட்டப்போறவன். கொஞ்சம் தூக்கிப் புடி."

தங்கராஜ் ஒரு விரல் அளவு உயர்ந்தான். மார்பில் இருந்த சேற்றுக் கோடு கீழே போனதை நான் பார்த்தேன். துணியை யாரும் இழுக்கவில்லை. அதன் முனை என் கையில்தான் தொய்ந்து கிடந்தது.

பிறகு பலகைகளைப் போட்டுப் படுத்துக்கொண்டே போனான் காசிமாயன். தண்ணீர்க் குழாயைத் தங்கராஜ் காலோரமாக உள்ளே செருகி மெதுவாகத் திறந்துவிட்டான். சேறு அந்த இடத்தில் மட்டும் இளகியது. அக்குளைப் பிடித்து, பல்லைப் பிடுங்குகிற மாதிரி எடுத்தோம். தங்கராஜ் வந்த பிறகும் அவன் நின்ற பள்ளம் மூடவில்லை. தண்ணீர் விட்ட பக்கம் சரிந்தது, மறுபக்கம் அவன் முதுகும் சட்டை மடிப்பும் அச்சு வார்த்த மாதிரி அப்படியே நின்றன. அடியில் இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு குமிழி பாதிவரை வந்தது. வந்து நின்றுகொண்டது, உடையவில்லை.

சாயங்காலம் மெயின் சுவிட்சைப் போட்டபோது மோட்டார் உறுமியது, புகைந்தது, அடங்கியது. தொட்டி முழுக்க இறுகிவிட்டது. ஆறுச்சாமிக்கு வேறு வழியில்லை, காலி பண்ணச் சொன்னார். தண்ணீரை அடித்து இளக்கி, வாளி வாளியாக எடுத்து வண்டியில் ஏற்றினோம். சேதி மண்ணரைக்கும் போய்விட்டது. சின்னத்தாய் வந்து தொட்டிச் சுவரில் நின்றாள். நெற்றியில் பெரிய பொட்டு. அன்றைக்கு அதைக் கொஞ்சம் அழுத்தியே வைத்திருந்தாள் என்று தோன்றியது.

தொட்டியில் முழங்கால் அளவுச் சேறு மிச்சம் இருந்தபோது காசிமாயன் எங்களை மேலே போகச் சொன்னான். சின்னத்தாய் மட்டும் நகரவில்லை.

"காசி" என்றாள். "எறங்கப் போற. ஏறி வந்து ஒண்ணு சொல்லப் போற. என்ன சொல்லப் போறேன்னு நெனைச்சுக்கிட்டு எறங்குப்பா."

அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் இறங்கினான். நாங்கள் தள்ளி நின்றோம். உள்ளிருந்து சேறு சப்பென்று விடுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மேலே வந்தான். தோளில் சாக்கால் சுற்றிக் கட்டின மூட்டை. சாக்குக்கு வெளியே சேறு வழிந்தது.

"என்ன அது?" என்றார் ஆறுச்சாமி.

"பழைய துடுப்பு முதலாளி. அப்பவே கழண்டு விழுந்திருக்கு. ரெண்டு கை வச்சது. அதுலதான் தங்கராசு நின்னிருக்கான்."

சின்னத்தாய் கேட்டாள், "துடுப்புதானா?"

"துடுப்புதான் மதினி."

அவள் மூட்டையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் நெற்றி வேர்வையைப் பொட்டு கலையாமல் ஒற்றிக்கொண்டாள். "அப்ப நான் வாரேன். பஸ்ஸு போயிரும்" என்று நடந்தாள்.

மூட்டையை வண்டிக்குத் தூக்கிக் கொடுத்தது நான். காசிமாயன் அதைப் பல்லடத்தில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, தனியாகக் கொமரலிங்கம் போனான். அமராவதி ஆற்றில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். சுவரில் பீடி வைப்பதை அதோடு விட்டுவிட்டான். புது மோட்டார் வந்தது, தொட்டி நிறைந்தது, துடுப்பு சுற்றுகிறது. போன ஆயுத பூஜைக்கு அதை முதலில் போய் நிறுத்தியவன் காசிமாயன். யாரும் சொல்லவில்லை, அவனே போய் நிறுத்திச் சந்தனம் வைத்தான்.

கதை இவ்வளவுதான். என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அப்ப ஆள் கிடைச்சாச்சு" என்றான் சண்முகவேல். "உள்ளே இருந்தவன் வெளியே வந்துட்டான், இனி எதுக்கு ஓட்டோணும்?"

"அதில்லீங்க" என்றாள் வினிதா. "உள்ளே யாருமில்லைன்னு கண்ணுல பார்த்துட்டாரு. அந்த நிம்மதியில நிறுத்தறாரு."

"இரும்பை எவனாச்சும் பஸ்ஸுல டிக்கெட் எடுத்துக் கொண்டு போயி ஆத்துல விடுவானா? ஆலைக்கு எதிர்க்கவே பழைய இரும்புக்கடை இருக்குது" என்றான் சண்முகவேல்.

எல்லோரும் மூலையைப் பார்த்தோம்.

"இரும்புதானுங்க" என்றான் தங்கராஜ்.

"அன்னிக்குத் தோளுன்னீங்களாமா?" என்று சண்முகவேல் விடாமல் கேட்டான்.

"பயத்துல ஆயிரம் சொல்லுவனுங்க."

"தூக்கிப் புடின்னதும் ஒசந்தீங்களாமா? துடுப்பு தூக்குமா?"

"அது கன்னையண்ணன் சேர்த்துனதுங்க."

அதை மட்டும் நான் சேர்க்கவில்லை. சொன்னேன். தங்கராஜ் என்னை முறைத்தான். சண்முகவேல் என் பக்கம் திரும்பினான். "மூட்டையைத் தூக்குனது நீங்கதானே, கனம் எப்படி?"

"இரும்புக் கனம்தான்."

"போன மாசம் சொல்றப்பக் கைக்கொழந்தை கனம்னீங்க."

சொன்னேனோ என்னவோ. எது நீட்டினது, எது சுருங்கினது என்று எனக்கே பிடிபடவில்லை. அதற்குள் தங்கராஜ் எழுந்துவிட்டான். அவன் கிளாஸ் உருண்டது. சண்முகவேலைப் பார்த்துக் கேட்டான்.

"இப்ப உனக்கு என்ன வேணும்? அந்தக்கா நெத்தியில இருக்கற பொட்டை அழிக்கோணுமா?"

"பொட்டை ஏன் இழுக்கறே? ஒரு பொணத்துத் தோள்ல நின்னு பொழைச்சு வந்து தாலி கட்டுனவன் நீ. அதை மறைக்கறதுக்கு ஒரு துடுப்பு."

'ங்க' காணாமல் போய்விட்டது. எங்கள் ஊரில் 'ங்க' போனால் அடுத்தது கைதான். தங்கராஜ் கல்லாவைத் தாண்டிச் சண்முகவேலின் சட்டையைப் பிடித்தான், சண்முகவேல் பால் கரண்டியை ஓங்கினான், வினிதா பன் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நான் நடுவில் போய் நின்றேன், இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"நீ சொல்லுய்யா, கனமா இருந்துச்சா, இல்லியா?"